சமன்பாடு சொல்லாமல் விடுவது என்ன? வடசென்னை வழியே வேதிவினைகள்

ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்தால் இரண்டு அம்மோனியா. பதினொன்றாம் வகுப்பில் இந்தச் சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாத பிள்ளை அரிது. இரண்டு பக்கமும் நைட்ரஜன் அணு இரண்டு, ஹைட்ரஜன் அணு ஆறு. கணக்கு சரி, மதிப்பெண்ணும் வந்துவிடும். அதே பிள்ளையிடம் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே, அப்படியென்றால் ஒரு பலூன் ஹைட்ரஜனை வகுப்பறையில் திறந்துவிட்டால் அம்மோனியா வாடை ஏன் அடிப்பதில்லை? பெரும்பாலும் பதில் வராது. கொஞ்சம் துணிச்சலான பிள்ளை, "சமன்பாடு தப்பா சார்?" என்று கேட்கும்.

சமன்பாடு தப்பில்லை. அதனிடம் நாம் எதிர்பார்ப்பதுதான் அதிகம். சமன்பாடு ஒரு ரயில் டிக்கெட் மாதிரி. பேசின் பிரிட்ஜிலிருந்து மீஞ்சூர் வரை என்று போட்டிருக்கும். வண்டி கிளம்புமா, எவ்வளவு நேரம் பிடிக்கும், அத்திப்பட்டிலேயே நின்றுவிடுமா என்பதெல்லாம் அதில் இருக்காது. அறிமுக வேதியியலில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அம்புக்குறியைப் பார்த்ததும் வினை நடந்து, முடிந்து, முழுமையாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். நடக்குமா, வெப்பம் வருமா போகுமா, எவ்வளவு வேகம், எந்த இடத்தில் நிற்கும் என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடை வேறு இடத்திலிருந்து வருகிறது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தக் கேள்விகளுக்கான விடைகள் ஆலைகளாகவும் படகுகளாகவும் மீன் கூடைகளாகவும் இருப்பதால், உதாரணத்துக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

முதலில் சமன்பாடு எதைச் சொல்கிறதோ அதை முழுசாக வாங்கிக்கொள்வோம். அதிலேயே பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். முன்னால் எழுதும் எண்கள் எடையைக் குறிப்பதில்லை, எண்ணிக்கையைக் குறிக்கின்றன. அணுக்களை எண்ணி எடுக்க நம்மால் முடியாது, தராசில் நிறுக்கத்தான் முடியும். எண்ணிக்கையை எடையாக மாற்றுவதற்கு வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் மோல். ஒரு மோலில் எத்தனை துகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணை மனப்பாடம் செய்தும் மோல் பிடிபடவில்லை என்றால், அது எதற்காக வந்தது என்று யாரும் சொல்லாததுதான் குறை.

மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1966ல் தொடங்கப்பட்டு, 1971 முதல் உரம் தயாரித்துவருகிறது. அங்கிருந்து 'விஜய்' என்ற பெயரில் வரும் யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியா மூலக்கூறில் நைட்ரஜன் அணு இரண்டு, அணு எடை 14 வீதம் 28. கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் நான்கு. கூட்டினால் 60. அறுபதில் 28 பங்கு என்றால் 46.7 சதவீதம். மூட்டையின் மேல் இருப்பது ஆய்வகத்தில் கண்டுபிடித்த ரகசிய எண் ஒன்றும் இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

இன்னும் கொஞ்சம் போகலாம். இரண்டு அம்மோனியாவும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஒரு யூரியாவும் ஒரு தண்ணீரும் வருகின்றன. எடையில் பார்த்தால் 34 கிலோ அம்மோனியா, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அவற்றிலிருந்து 60 கிலோ யூரியா, 18 கிலோ தண்ணீர். இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. அதற்கு 25.5 கிலோ அம்மோனியாவும் 33 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வேண்டும், கூடவே 13.5 கிலோ தண்ணீர் வெளியே வரும். உள்ளே போனது 58.5 கிலோ, வெளியே வந்ததும் 58.5 கிலோ. பார்க்கிறவருக்கு வெள்ளை உப்பு மாதிரி இருக்கும் அந்த மூட்டையின் எடையில் முக்கால் பங்குக்குச் சமமான கரியமில வாயு அதற்குள் போயிருக்கிறது. (வயலில் போட்டதும் மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை மறுபடி வெளியே விட்டுவிடும், அது வேறு கதை.) அம்மோனியா 34 கிலோவே இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடை 66 கிலோ கொடுத்தாலும் யூரியா 60 கிலோவைத் தாண்டாது. மீதி 22 கிலோ சும்மா நிற்கும். வினைக்கட்டுப்பாட்டுப் பொருள் என்று பெரிய பெயர் வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது இதைத்தான்.

சரி, கண்ணெதிரே நடப்பது வேதிவினைதானா என்பதே சில சமயம் குழப்பம். மணலியில் 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாண்டிப் போகும்போது உயரமான கோபுரங்கள் தெரியும். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்தில் வேதிவினை நோக்கமே இல்லை. கொதிநிலை வித்தியாசத்தை வைத்து நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்று பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். முன்பே இருந்த மூலக்கூறுகள் இடம் பிரிந்திருக்கின்றன. பக்கத்தில் வினையூக்கியோடு சேர்த்து நீள மூலக்கூறுகளை உடைக்கும் பிரிவு இருக்கிறது பாருங்கள், வேதியியல் நடப்பது அங்கே. பதினாறு கார்பன் உள்ள சங்கிலி எட்டு எட்டாக இரண்டு துண்டாகும்போது பழைய பிணைப்பு அறுந்து புதிய பொருள் பிறக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக் குழாய்களில் ஓடுவதும் அம்மோனியாதான், ஆனால் அங்கே அது ஆவியாகிறது, குளிர்கிறது, மறுபடி திரவமாகிறது. வருஷக்கணக்கில் சுற்றினாலும் அம்மோனியா அம்மோனியாவாகவே இருக்கும். கொதிப்பதும் நுரைப்பதும் புகைவதும் மட்டும் வேதிவினைக்குச் சாட்சி ஆகாது. பிணைப்பு மாறியதா என்று கேட்க வேண்டும்.

அடுத்து வகைகள். சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்று ஐந்தாகப் பிரித்து பத்தாம் வகுப்பில் படிக்கிறோம். தேர்வில் வகைப்படுத்தச் சொல்வது வழக்கம் என்பதால் பிள்ளைகள் இதற்கு நிறைய நேரம் செலவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பிரிவு சமன்பாட்டின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன நடந்தது என்று சொல்வதில்லை. இரும்பு துருப்பிடிப்பது சேர்க்கை, நிலக்கரி எரிவது எரிதல், துத்தநாகத்தைக் காப்பர் சல்பேட்டில் போடுவது ஒற்றை இடப்பெயர்ச்சி என்று மூன்று பெட்டிகளில் போட்டுவிடுகிறோம். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். எலக்ட்ரான் ஒரு பொருளிடமிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, அல்லது அதன் பக்கம் சாய்கிறது. கொடுப்பது ஆக்சிஜனேற்றம், வாங்குவது ஒடுக்கம். எது நகர்ந்தது என்று கேட்கப் பழகினால், ஐந்து பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களாகச் சுருங்கும். ஒன்றில் நகர்வது எலக்ட்ரான், மற்றதில் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி.

எலக்ட்ரான் நகர்வதைப் பார்க்க மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருக்கும் இரும்புப் படகின் அடிப்பகுதியைப் பாருங்கள். புரொப்பல்லர் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பும் செம்புக் கலவையில் செய்த புரொப்பல்லரும் ஒன்றாக இருந்தால், அதுவே ஒரு மின்கலம். இரும்பு எலக்ட்ரானை இழந்து கரையத் தொடங்கும். திட்ட மின்னழுத்த அட்டவணையில் செம்பு +0.34, இரும்பு −0.44, துத்தநாகம் −0.76 வோல்ட். மூன்றில் துத்தநாகம்தான் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க முந்திக்கொள்வது. அதனால் அது கரையும், இரும்பு தப்பிக்கும். கட்டி தேய்ந்ததும் புதிது மாட்டுவார்கள். பிள்ளைகள் நெட்டுருப் போடும் அந்த அட்டவணையை இந்த ஊரில் செலவுக் கணக்காகப் பார்க்கலாம்.

புரோட்டான் நகர்வதற்குச் சமையலறை போதும். கடல் மீனின் உடம்பில் ட்ரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிவிடுகின்றன. மிஞ்சும் ட்ரைமெத்தில் அமீன்தான் அந்தக் கவிச்சு வாடை. அம்மோனியாவின் உறவுக்கார மூலக்கூறு, அதுவும் ஒரு காரம். புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ மீனை அலசும்போது அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது, அமீன் அதை வாங்கி மின்னூட்டம் உள்ள அயனியாகிவிடுகிறது. அயனி ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு வராது, தண்ணீரோடு போய்விடும். ஒரே மீனில் முதலில் ஒடுக்க வினை, பிறகு அமில கார வினை. ஏரி மீனில் அந்த ஆக்சைடு மிகக் குறைவு. அதன் வாடை வேறு மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெப்பத்துக்கு வருவோம். "பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளியாகும்" என்று நிறைய பேர் நம்புகிறார்கள், கல்லூரி முதலாண்டு வரைக்கும்கூட. உண்மை நேர்மாறு. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் கிடைக்கும். செலவை விட வரவு அதிகமென்றால் வெப்ப உமிழ்வினை, குறைவென்றால் வெப்பக்கொள்வினை. அம்மோனியாவையே எடுத்துக்கொள்ளலாம். நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜனுக்கு 436, மூன்று மோலுக்கு 1308. மொத்தச் செலவு 2253. இரண்டு அம்மோனியாவில் நைட்ரஜன் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஆறு, ஒவ்வொன்றும் சுமார் 391. வரவு 2346. வித்தியாசம் 93 கிலோஜூல், அளந்து கண்ட மதிப்பான 92க்கு ஒட்டியே வருகிறது.

இந்தக் கணக்கை முழுசாக எழுதிப் பார்த்தவர்களுக்கு பலூன் கேள்வியின் விடையும் கிடைத்துவிடும். கடைசியில் 93 லாபம் என்றாலும், அதற்கு முன்னால் 945 கிலோஜூல் பிணைப்பு ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அறை வெப்பநிலையில் அதை அசைக்க ஆள் இல்லை. வெப்பம் வெளிவரும் வினை என்பதற்காக வினை தானாகத் தொடங்கும் என்று பொருள் இல்லை. இரண்டும் தொடர்பற்ற கேள்விகள்.

தொடர்பற்றவை என்பதற்கு இந்த ஊரில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே சாட்சி. திருவொற்றியூரைத் தாண்டினால் வருவது விம்கோ நகர், இப்போது மெட்ரோவும் அதுவரை வந்துவிட்டது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. தீப்பெட்டிக்குள் மரக்குச்சியும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நிறைய வெப்பம் வெளிவரும், சமன்பாட்டில் எந்தத் தடையும் தெரியாது. ஆனாலும் எரிவதில்லை. தொடங்கி வைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது கிளர்வு ஆற்றல், கிடைக்கவில்லை.

குச்சியை உரசும்போது நடப்பதை மெதுவாகப் பார்த்தால் அழகான தொடர் ஒன்று தெரியும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். உரசும் சூட்டில் துளியூண்டு பாஸ்பரஸ் குளோரேட்டோடு வினைபுரிந்து பற்றிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் மீதி குளோரேட் சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது. அதில் கந்தகம் எரிகிறது. கந்தகத்தின் வெப்பத்தில் மரம் பிடிக்கிறது. முந்தைய வினை வெளியிட்ட வெப்பம் அடுத்த வினைக்கு வேண்டிய கிளர்வு ஆற்றலாகிறது. எளிதில் தொடங்கும் வினை முதலில், கஷ்டமானது கடைசியில். பாதுகாப்புத் தீக்குச்சி என்று பெயர் வந்ததும் இதனால்தான். பாஸ்பரஸையும் குளோரேட்டையும் ஒரே தலையில் வைக்காமல், ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலுமாகப் பிரித்துவிட்டார்கள்.

வெப்பநிலை கூடினால் வினை வேகம் கூடும் என்று எல்லோரும் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால், "மூலக்கூறுகள் வேகமாக ஓடும், மோதல் அதிகமாகும்" என்பார்கள். பாதி உண்மை. 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் வேகம் இரண்டு சதவீதம்கூடக் கூடுவதில்லை. ஆனால் பல வினைகளின் வேகம் அந்தப் பத்து டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மோதும் எண்ணிக்கையால் இதை விளக்க முடியாது. கிளர்வு ஆற்றலைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் உள்ள மூலக்கூறுகள் எப்போதும் சிறுபான்மைதான், அந்தச் சிறுபான்மை சட்டென்று இரட்டிப்பாவதால்தான் வேகமும் இரட்டிப்பாகிறது. எதிர்த்திசையிலும் இதே கணக்கு. காசிமேட்டில் இறங்கும் மீன் 30 டிகிரி வெயிலில் கிடப்பதற்கும் ஐஸில் பூஜ்யம் டிகிரியில் இருப்பதற்கும் நடுவே மூன்று பத்து டிகிரிகள். தோராயமாக எட்டில் ஒரு பங்கு வேகத்தில்தான் கெடும். ஐஸ் கெடுவதை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது.

பரப்பளவு பற்றிச் சுருக்கமாக ஒன்று. அத்திப்பட்டுப் பக்கம் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் நிலக்கரியைக் கட்டியாக எரிப்பதில்லை, மாவாக அரைத்துக் காற்றோடு ஊதி எரிக்கிறார்கள். மாவு என்றால் ஆக்சிஜன் தொடும் பரப்பு பல மடங்கு. கட்டியாகக் குவிந்து கிடக்கும் நிலக்கரி மெதுவாக ஆக்சிஜனேற்றம் ஆகிக்கொண்டேதான் இருக்கும். வெப்பம் குவியலுக்குள் சிக்கிக்கொண்டால் சில சமயம் தானாகவே புகையத் தொடங்கும். மெதுவான வினையும் வேகமான வினையும் ஒரே சமன்பாடுதான். 12 கிலோ கார்பன், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

இனி எந்த இடத்தில் நிற்கும் என்ற கேள்வி. அறிமுகப் பாடத்தில் மிகக் குறைவாகப் புரியும் பகுதி சமநிலை. சமநிலை என்றதும் பாதிக்குப் பாதி என்று நினைப்பவர்கள் உண்டு, வினை நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். முன்னோக்கிப் போகும் வேகமும் பின்னோக்கி வரும் வேகமும் சமமாகிவிட்டன என்பது மட்டும்தான் விஷயம். அந்தச் சமம் தொண்ணூற்றொன்பது சதவீதத்திலும் வரலாம், ஒரு சதவீதத்திலும் வரலாம்.

அம்மோனியாவில் இது எவ்வளவு சிக்கலானது என்பதை எண்கள் காட்டும். 300 வளிமண்டல அழுத்தத்தில், 400 டிகிரி செல்சியஸில் சமநிலைக் கலவையில் அம்மோனியா 47 சதவீதம். 500 டிகிரிக்கு ஏற்றினால் 26 சதவீதமாகக் குறைகிறது. வெப்பம் வெளிவரும் வினையைச் சூடாக்கினால் அது பின்னோக்கித் தள்ளப்படும் என்ற லீ சாட்லியர் தத்துவம்தான். அப்படியானால் குளிரவைக்கலாமே? குளிரவைத்தால் அந்த மும்மைப் பிணைப்பு அசையாது, வேகம் போய்விடும். வேகம் வேண்டுமென்றால் சூடு வேண்டும், விளைச்சல் வேண்டுமென்றால் சூடு கூடாது. இந்த இழுபறியை அழுத்தத்தாலும் வினையூக்கியாலும் சமாளித்தார்கள். நான்கு மூலக்கூறு இரண்டாகச் சுருங்கும் வினை என்பதால் அழுத்தம் கூடினால் அம்மோனியா கூடும். அதே 500 டிகிரியில் 100 வளிமண்டல அழுத்தத்தில் 10 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், 300ல் 26. வினையூக்கியான இரும்பு, பிணைப்பை உடைக்க எளிதான வேறு வழியைக் காட்டி வேகத்தைக் கூட்டுகிறது. ஒன்றை மறக்கக் கூடாது. வினையூக்கி சமநிலையை இம்மியும் நகர்த்தாது, அங்கே போய்ச் சேரும் நேரத்தை மட்டுமே குறைக்கும். தேர்வில் இந்த ஒரு வரியில் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

ஃபிரிட்ஸ் ஹேபர் 1909ல் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலையாக்கி, 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இருவருக்கும் நோபல் பரிசு, ஹேபருக்கு 1918க்கானது, போஷுக்கு 1931ல். இன்றைக்கும் ஒரு சுற்றில் வாயுவில் சுமார் 15 சதவீதம்தான் அம்மோனியாவாகிறது. அதைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்து எடுத்துவிட்டு, மீதியை மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். சமநிலைக்குக் காத்திருப்பதே இல்லை.

இந்த வினைக்கு வேண்டிய ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். மணலி ஆலை நீண்ட காலம் நாப்தாவிலிருந்து எடுத்தது. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த 2019ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. மீத்தேனும் நீராவியும் நிக்கல் வினையூக்கி மேல் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தருகின்றன. இது 206 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே இழுக்கும் வினை. எனவே இங்கே சூடு விளைச்சலுக்கும் நல்லது, வேகத்துக்கும் நல்லது. உலையை 800 டிகிரிக்கு மேலும் ஏற்றலாம். இந்தப் படியில் வெப்பத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அம்மோனியா படியில் அளந்து கொடுக்கிறார்கள். வெப்பத்தின் குறி மாறினால் உலையின் வடிவமே மாறுகிறது. வினையில் வெப்பம் எவ்வளவு வருகிறது, போகிறது என்று பாடப்புத்தகத்தில் டெல்டா ஹெச் எனப் போட்டு ஓரமாக எழுதும் எண்ணுக்கு இவ்வளவு அதிகாரம். வெளிவரும் கார்பன் மோனாக்சைடும் நீராவியோடு இன்னொரு வினை செய்து கார்பன் டை ஆக்சைடாகிறது. முன்னால் கணக்குப் போட்ட 33 கிலோ அங்கிருந்துதான்.

சமநிலை என்ற சொல்லுக்கு இந்தப் பகுதி மக்கள் உடம்பாலேயே பொருள் தெரிந்துகொண்ட இரவு ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. எண்ணூரில் இருக்கும் இன்னொரு உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் குழாய் அது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: அம்மோனியா வலிமை குறைந்த காரம் என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது, பிறகு ஏன் இப்படி எரிந்தது?

நல்ல கேள்வி. வலிமை குறைந்த காரம் என்றால், தண்ணீரில் கரைந்த மூலக்கூறுகளில் சிறு பங்கு மட்டுமே ஒரு கணத்தில் ஹைட்ராக்சைடு அயனியைத் தருகிறது என்று பொருள். லிட்டருக்கு 0.1 மோல் உள்ள கரைசலில் அது சுமார் 1.3 சதவீதம். ஆனால் அந்தச் சிறு பங்கு கண்ணின் ஈரத்திலும் தொண்டைச் சவ்விலும் செலவானதும், சமநிலை முன்னோக்கி நகர்ந்து புதிதாக ஹைட்ராக்சைடைக் கொடுக்கும். மறுபடி செலவாகும், மறுபடி வரும். இருப்பு தீரும் வரை நிற்காது. வலிமை என்பது எவ்வளவு அயனியாகிறது என்பதன் அளவு, எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதன் அளவு இல்லை. அம்மோனியா தண்ணீரில் தன் கன அளவைப் போலப் பல நூறு மடங்கு கரையக்கூடியது. ஈரமான கண்ணையும் மூக்கையும் அது தேடிப் பிடிப்பதற்கும், மூக்கில் ஈரத்துணி கட்டச் சொல்வதற்கும் காரணம் ஒன்றே. கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காரத்துக்கு அமிலம் மாற்று என்று எலுமிச்சைச் சாற்றை விடுவது பெரிய தப்பு. நடுநிலையாக்கலும் வெப்பம் உமிழும் வினைதான்.

ஒரே பொருள் நிலைமைக்கு ஏற்ப வேறு வேறு வினைக்குப் போகும் என்பதுதான் கடைசியாகச் சொல்ல வேண்டியது. அதற்கும் மணலியிலேயே உதாரணம் இருந்தது. 2015ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் ஏறக்குறைய 700 டன், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ல் பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள், சுமார் 2,750 டன், வெடித்த பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. சில நாட்களுக்குள் ஏலம் விட்ட சரக்கு ஹைதராபாத்துக்குப் போனது.

ஐந்து ஆண்டு அமைதியாகக் கிடந்ததும் பெய்ரூட்டில் வெடித்ததும் ஒரே வேதிப்பொருள். மெதுவாகச் சூடாக்கினால், இருநூறு டிகிரியைத் தாண்டிய பிறகு, அது நைட்ரஸ் ஆக்சைடாகவும் நீராவியாகவும் சிதையும். ஆய்வகத்தில் கவனமாகச் செய்யக்கூடிய வினை. பெரிய குவியலாக அடைபட்டு, கடும் தீயில் சிக்கி, வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி என்று வேறு விளைபொருள்களோடு ஒரே கணத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கும் சமன்பாடு உண்டு, இரண்டும் சரியாகச் சமன் ஆகும். எது நடக்கும் என்பதை அளவும் வெப்பநிலையும் அடைப்பும் கலந்திருக்கும் அசுத்தமும் தீர்மானிக்கும். டீசல் போன்ற எரிபொருளை அதன் பக்கத்திலேயே விடக் கூடாது என்று சேமிப்பு விதிகள் சொல்வதன் காரணமும் இந்த இரண்டாவது சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இருக்கிறது. மிஞ்சி வெளிவரும் ஆக்சிஜனுக்கு எரிக்க ஏதாவது கிடைத்துவிடும்.